படம் எப்படி?

ஒரு ஷோ முடிந்து கூட்டம் வெளியே வரும்போது, அடுத்த ஷோவுக்கு நிற்கிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, வெளியே வருகிற ஒவ்வொரு முகத்தையும் உற்று உற்றுப் பார்ப்பார்கள். பரீட்சை ரிசல்ட் ஒட்டியிருக்கிற போர்டைப் பார்ப்பது மாதிரி. அவர்களில் ஒருத்தர் பொறுக்க முடியாமல் வாய்விட்டுக் கேட்டுவிடுவார். "அண்ணே, படம் எப்படி?"

அப்போது வெளியே வருகிறவருக்கு ஒரு மிதப்பு வரும் பாருங்கள், அதை எந்த நடிகராலும் நடித்துக் காட்ட முடியாது. மூணு மணி நேரத்துக்கு முன்னால் அவரும் இதே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்தான். இப்போது விஷயம் தெரிந்தவர் ஆகிவிட்டார். உதட்டைப் பிதுக்குவார். கட்டைவிரலை உயர்த்துவார். ரொம்பவும் கெட்ட மனசுக்காரராக இருந்தால், "கொலை பண்ணது யாருன்னா..." என்று ஆரம்பிப்பார்.

நம்ம ஊரில் இந்தக் கேள்விக்குச் சொல்கிற பதில்களுக்குத் தனி அகராதியே போடலாம். "பாக்கலாம்" என்றால் படம் நன்றாக இருக்கிறது. "ஒரு தடவை பாக்கலாம்" என்றால் சுமார். "பாட்டு நல்லாருக்கு" என்றால் படம் நன்றாக இல்லை. "கேமரா நல்லாருக்கு" என்றால் பாட்டும் நன்றாக இல்லை. "ஃபேமிலியோட பாக்கலாம்" என்றால் சண்டை கிடையாது, தூக்கம் நிச்சயம். "வித்தியாசமா எடுத்திருக்காங்க" என்றால் சொல்கிறவருக்குப் புரியவில்லை. "டிவியில போடுறப்ப பாத்துக்கலாம்" என்பது படத்துக்கு வைக்கிற மலர் வளையம்.

இந்த அகராதியை நான் படித்தது நெரவியில். காரைக்காலிலிருந்து நாகூர் போகிற ரோட்டில், அரசலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் வருகிற ஊர். சுற்றிலும் தமிழ்நாடு, நாங்கள் மட்டும் புதுச்சேரி. 1954 வரை பிரெஞ்சுக்காரன் ஆண்ட மண். வெளியூர்க்காரர்களிடம் "ஓ.என்.ஜி.சி. ஆபீஸ் இருக்கே, அந்த ஊரு" என்றால் சட்டென்று பிடிபடும். எங்களுக்கு சினிமா என்றால் காரைக்கால்தான். பக்கம்தான். ஆனால் பக்கத்தில் இருப்பதற்கும் போக முடிவதற்கும் நடுவில் பஸ் டிக்கெட், பட டிக்கெட், இடைவேளை முறுக்கு, தங்கச்சிக்கு கோன் ஐஸ் என்று ஒரு கணக்கு இருக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் நாங்கள் நாலு பேர் ஒரு படம் பார்த்துவிட்டு வந்தால் அப்பா மறுநாள் டைரியில் 150 ரூபாய் என்று எழுதி, அடியில் ஒரு கோடு போடுவார். அதனால் யாராவது முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். அவர் சொல் சரியாகவும் இருக்க வேண்டும். தப்பானால் 150 ரூபாய் போச்சு. அதோடு அந்த ஆளும் போச்சு. அடுத்த படத்துக்கு அவரை யாரும் கேட்க மாட்டார்கள்.

காரைக்கால் தியேட்டர் கூட்டத்திலேயே ஒரு பிரிவினரை மட்டும் கேட்கக் கூடாது என்பது எங்கள் ஊர் அனுபவப் பாடம். இந்தப் பக்கம் சரக்கு மலிவு என்று எல்லை தாண்டி வருகிறவர்கள், வந்த காரியம் முடிந்ததும் அப்படியே ஒரு படத்தையும் பார்த்துவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு எல்லாப் படமும் சூப்பர், இல்லையென்றால் எல்லாப் படமும் குப்பை. ஒருத்தர் இடைவேளையில் வெளியே போனவர் திரும்பி வேறு தியேட்டருக்குள் போய் உட்கார்ந்துவிட்டு, ரெண்டு படத்தையும் ஒரே கதையாகச் சொன்னார். கேட்கச் சுவாரஸ்யமாகத்தான் இருந்தது.

நெரவி மெயின் ரோட்டில் ஒரு தையல் கடை இருந்தது. கடைக்காரரை ஊரே நானா என்று கூப்பிடும். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள், எங்களுக்கும் அதே பழக்கம். கடை வாசலில் ஒரு நீள பெஞ்ச். பட்டன் வைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர், நாகூர் பஸ்ஸுக்கு நிற்பவர், வேலை இல்லாதவர், வேலை இருந்தும் போகாதவர் என்று எப்போதும் அஞ்சாறு பேர் இருப்பார்கள். நேற்று செகண்ட் ஷோ பார்த்தவர் காலையில் அங்கே வந்து உட்கார்ந்தால் வழக்கு ஆரம்பம்.

இதில் விசேஷம் என்னவென்றால், நானா படமே பார்க்க மாட்டார். "நான் கடையைப் பூட்டிட்டுப் படத்துக்குப் போனா பெருநாள் துணியை யாரு தைக்கிறது?" என்பார். ஆனால் ஊரில் பாதிப்பேர் அவரைக் கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் எடுக்கப் போவார்கள். அவர் மற்றவர்கள் சொல்வதை எல்லாம், மிஷினை மிதித்துக்கொண்டே காதில் வாங்கி, கூட்டிக் கழித்து வைத்திருப்பார்.

"பால்காரரு நல்லாருக்குன்னா சண்டை நாலு இருக்குன்னு அர்த்தம். வாத்தியாரு நல்லால்லைன்னா கொஞ்சம் நல்லாருக்கும். காலேஜ் புள்ளைங்க சொல்றதை திங்கக்கிழமை வரைக்கும் எடுத்துக்கக் கூடாது, அதுங்க ஹீரோ பேரைத்தான் சொல்லுதுங்க, படத்தைச் சொல்லலை" என்பார். "தண்ணியில போட்டா சுருங்குற துணிக்கு ரெண்டு இஞ்ச் விட்டுத் தைக்கிறேன்ல? அதே கணக்குதான் தம்பி. ஆளுக்கு ஆளு சுருங்குற அளவு வேற."

ஓ.என்.ஜி.சி-யில் கான்ட்ராக்ட் வேலைக்கு வந்திருந்த ஒரு அசாம்காரர் பெஞ்சுக்கு வருவார். தமிழில் அவருக்குத் தெரிந்தது "டீ", "சில்லறை", "நாளைக்கு" மூன்றுதான். அவர் எல்லாத் தமிழ்ப்படமும் பார்ப்பார். நானா அவர் அபிப்பிராயத்தை ரொம்ப மதித்தார். "பாஷை தெரியாமலே மனுஷன் கடைசி வரைக்கும் உக்காந்திருக்கான்னா படத்துல ஏதோ இருக்கு." அவர் பாதியில் எழுந்து வந்த படங்கள் காரைக்காலில் ரெண்டாவது வெள்ளிக்கிழமையைப் பார்த்ததில்லை. இது என் ஞாபகம்தான், புள்ளிவிவரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொருத்தர் சொல்தா தாத்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். வெள்ளை வேட்டி, கையில் குடை, வெளிநாட்டில் நிறையப் படம் பார்த்த தெம்பு. அவரிடம் படம் எப்படி என்று காலையில் கேட்டால் பதில் வராது. "நேத்து ராத்திரி சாப்பிட்டதே இன்னும் செரிக்கலை, அதுக்குள்ள கேக்குறான் பாரு" என்பார். சாயங்காலம் ஒரு வார்த்தை சொல்வார். "போ." அல்லது, "போவாத." காரணம் கேட்டால் குடையை விரித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு தொழில் காரணமும் உண்டு. அந்தக் காலத்தில் படம் என்பது ஒரு பொருள். பதினாலு பதினாறு ரீல், தகரப் பெட்டிக்குள். ஒரு பிரின்ட் போடுவதற்குப் பணம் செலவாகும் என்பதால் எண்ணித்தான் போடுவார்கள். பெரிய ஊர்களை ஏ சென்டர் என்றும், எங்களைப் போன்றவர்களை பி என்றும் சி என்றும் பிரித்து வைத்திருந்தார்கள். ஏ ஊரில் ஓடித் தேய்ந்த பெட்டிதான் கீழே இறங்கும். கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் பார்த்தவர்களின் பேச்சு முதலில் பஸ் ஏறி வந்துவிடும். பெட்டி பின்னால் வரும். படம் வருவதற்குள் ஊருக்கு ஒரு அபிப்பிராயம் உருவாகியிருக்கும்.

அந்தப் பேச்சு சில படங்களுக்கு உயிர்ப்பிச்சை போட்டிருக்கிறது. 1980-ல் வந்த 'ஒருதலை ராகம்' எங்கள் பக்கத்துப் படம். மாயவரத்துக்காரர் டி.ராஜேந்தர் கதை எழுதி, பாட்டு எழுதி, இசையும் போட்ட படம். மன்னம்பந்தல் ஏ.வி.சி. காலேஜும், மாயவரம்-தரங்கம்பாடி ரயிலும் அதில் வரும். அந்த ரயிலையே 1986-ல் நிறுத்திவிட்டார்கள், படத்தில் மட்டும் இன்னும் ஓடுகிறது. எல்லாம் புதுமுகங்கள். ஆரம்பத்தில் தியேட்டர் காலி. பார்த்த கொஞ்சம் பேர் போய் நாலு பேரிடம் சொல்ல, அந்த நாலு பேர் நாற்பது பேரிடம் சொல்ல, வருஷக் கணக்கில் ஓடியது. 1999 டிசம்பரில் 'சேது'வும் அப்படித்தான். வாங்க ஆளில்லாமல் பெட்டியிலேயே கிடந்து, கடைசியில் ஒரு பகல் காட்சியாகக் கண் விழித்த படம். பார்த்தவர்கள் வாயால்தான் நூறு நாளைத் தாண்டியது. பேச்சு பரவுவதற்கு வாரக் கணக்கில் நேரம் இருந்தது, அதுவரை படத்தைத் தூக்காமல் வைத்திருக்க ஒரு தியேட்டர்காரர் இருந்தார். இரண்டில் ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் விக்ரம் என்ன ஆகியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

பத்திரிகை விமர்சனமும் பெஞ்சுக்கு வரும். விகடனில் மார்க் போடுவார்கள். 1977-ல் '16 வயதினிலே'வுக்கு 62.5 போட்டதை சொல்தா தாத்தா ஏதோ தன் பேரன் வாங்கிய மார்க் மாதிரி சொல்வார். நாற்பதுக்குக் கீழே போனால் பெஞ்சில் ஒரு சந்தோஷம். "நாமதான் அன்னிக்கே சொன்னோமே!" நாற்பதுக்கு மேலே போய், எங்களுக்குப் பிடிக்காமல் இருந்தால், "மெட்ராஸ்ல இருக்கிறவனுக்கு என்ன தெரியும்?"

எங்கள் பெஞ்ச் தப்பே பண்ணாத பெஞ்ச் என்று நினைத்துவிடாதீர்கள். 2003 பொங்கலுக்கு 'அன்பே சிவ'மும் 'தூளு'ம் வந்தன. ஒட்டுமொத்த பெஞ்சும் 'தூள்' பக்கம். 'அன்பே சிவம்' பார்த்த பால்காரர், "ரெண்டு பேரும் பேசிக்கிட்டே போறானுங்க நானா, பஸ்சுலயும் பேசுறான், ரயில்லயும் பேசுறான்" என்று ஒரே வரியில் தீர்த்துவிட்டார். படம் எல்லா ஊரிலும் கையைக் கடித்தது. பிற்பாடு டிவியில் பார்த்துப் பார்த்து உருகியவர்களில் பால்காரரும் ஒருத்தர். "நான் அப்படிச் சொன்னேனா?" என்று என்னிடமே கேட்டார்.

அந்தப் படத்தில் கமல் பேச்சோடு பேச்சாக சுனாமி என்று ஒரு வார்த்தை சொல்லுவார். எங்களில் ஒருத்தருக்கும் அப்போது அர்த்தம் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை.

2004 டிசம்பர் மூணாவது வாரம் பெஞ்சில் 'காதல்' படம் ஓடிக்கொண்டிருந்தது. பேச்சில்தான். கடைசியில் அந்தப் பையனைப் பைத்தியமாக ரோட்டில் அலையவிட்டது நியாயமா, அவளுடைய புருஷன் அவனைக் கூட்டிக்கொண்டு போவது நடக்கிற காரியமா என்று ஒரு வாரமாகச் சண்டை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, 26-ம் தேதி காலையில், கடல் வந்துவிட்டது. காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி என்று எங்கள் கடற்கரைக் குப்பங்களில் நூற்றுக்கணக்கான பேர் போனார்கள். நெரவி உள்ளே தள்ளி இருந்ததால் தப்பித்தோம். பெஞ்ச் காலியாகக் கிடந்தது. நானா கட்பீஸ்களை எல்லாம் எடுத்து, முகாமில் இருந்த பிள்ளைகளுக்கு டவுசர் தைத்தார். அளவு எதுவும் கிடையாது. "எந்த சைஸ் தைச்சாலும் அதுக்கு ஒரு புள்ளை இருக்கு தம்பி" என்றார். அந்த மூன்று வாரமும் யாரும் சினிமா என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. எடுப்பது பாவம் மாதிரி இருந்தது.

பொங்கல் கழிந்து ஒரு நாள், பட்டினச்சேரிப் பக்கத்துப் பையன் ஒருத்தன் நிவாரணத்தில் கிடைத்த சட்டையைச் சின்னதாக்க வந்தான். வீட்டில் ரெண்டு பேரை இழந்தவன் என்று எங்களுக்குத் தெரியும். யாரும் பேசவில்லை. அவன் சட்டையை நீட்டிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் யாரையும் பார்க்காமல் கேட்டான்.

"திருப்பாச்சி எப்படிண்ணே இருக்காம்?"

நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தோம். அதில் நாலு பேர் அந்தப் படத்தைப் பார்த்திருக்கவே இல்லை. தங்கச்சி சென்டிமென்ட் என்றோம், பாட்டு என்றோம், வில்லன் என்றோம். அவன் ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தான். நானா சட்டையைத் தைத்து முடித்து, முடித்ததைச் சொல்லாமல், வெறும் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார்.

இப்போதெல்லாம் தியேட்டர் வாசலில் மைக்கோடு நிற்கிறார்கள். முதல் நாள் முதல் காட்சி முடிந்து வெளியே வந்தால், ஆண்டவன் புண்ணியத்தில் உங்களையும் நாலு பேர் வளைத்துக்கொள்வார்கள். மைக்கைப் பார்த்ததும் நம்ம ஆட்களுக்குக் குரல் மாறிவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரரிடம் "சுமார்" என்று சொல்லியிருக்கக்கூடியவர் மைக்கில் "படமா சார் இது? காசைத் திருப்பிக் கேளுங்க சார்" என்று கையை ஆட்டுகிறார். ரீல் பெட்டி ஒழிந்து டிஜிட்டல் வந்த பிறகு ஏ, பி, சி எல்லாம் ஒன்றாகிவிட்டது. நெரவிக்காரனும் நுங்கம்பாக்கத்துக்காரனும் ஒரே வெள்ளிக்கிழமை பார்க்கலாம். நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு படத்தின் ஆயுளும் வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூணு நாளில் தெரிந்துவிடுகிறது. இன்று ஒரு 'ஒருதலை ராகம்' வந்தால் நாலு பேர் நாற்பது பேரிடம் சொல்வதற்குள் அந்தத் திரையில் வேறு படம் ஓடும்.

2024 நவம்பரில் 'கங்குவா' வந்த சமயம் தயாரிப்பாளர்கள் கொதித்துப் போனார்கள். 'இந்தியன் 2', 'வேட்டையன்', 'கங்குவா' மூன்றையும் இந்த வாசல் விமர்சனங்கள் காயப்படுத்திவிட்டன என்றும், தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப்காரர்களை விடக்கூடாது என்றும் அறிக்கை விட்டார்கள். அடுத்த மாதமே, படம் வந்து மூணு நாளைக்கு யாரும் விமர்சனம் போடக்கூடாது என்று தடை கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மனுப் போனது. இடைக்காலத் தடை தர நீதிமன்றம் மறுத்துவிட்டது. கருத்துச் சொல்வதை எப்படித் தடுப்பது? நியாயம்தான். கோடி கோடியாகப் போட்டவருடைய வயிற்றெரிச்சலும் நியாயம்தான். எனக்கு இதில் ஒரே ஒரு குறை. மைக்கில் பேசுகிறவர் துணி எவ்வளவு சுருங்கும் என்று எனக்குத் தெரியவில்லை. நானாவுக்கே தெரியாது.

பொய் விமர்சனம் சொல்வது குற்றம் என்று நாளைக்கே ஒரு சட்டம் வந்தால், முதலில் பிடிக்க வேண்டியது என்னைத்தான்.

2005 டிசம்பர். அந்த வருஷம் பேய் மழை. வயலெல்லாம் குளம். அப்பா ஒரு அரிசி மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார், நெல் வராததால் மில்லும் பாதி நாள் மூடிக் கிடந்தது. அப்போதுதான் சேரனின் 'தவமாய் தவமிருந்து' வந்தது. நான் காலேஜ் நண்பர்கள் நாலு பேரோடு போனேன்.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருக்கிற அப்பா. கடனை உடனை வாங்கி ரெண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். ராஜ்கிரண் அந்த அப்பா. மூணு மணி நேரத்துக்கு மேலே ஓடும் படம். அரை மணி நேரத்திலேயே எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. திரையில் இருந்தது ராஜ்கிரணே இல்லை. அரிசித் தவிடு ஒட்டின சட்டையும், காதில் செருகின பேனாவுமாக எங்கள் வீட்டு ஆள். கண்ணில் தண்ணி நிற்கவில்லை. பக்கத்து சீட் நண்பன் திரும்பி, "என்னடா மூக்கை உறிஞ்சுறே?" என்றான். "ஏ.சி. ஒத்துக்கலைடா" என்றேன். அந்தத் தியேட்டரில் ஏ.சி. கிடையாது.

வெளியே வந்ததும் அவர்கள் ஆரம்பித்தார்கள். "சீரியலை எடுத்து பெரிய திரையில போட்டிருக்கான்." "எனக்குப் படத்துக்குள்ளயே வயசாயிடுச்சு." நானும் சிரித்தேன். அதோடு விடாமல், அவர்களுக்கு மேலே போனேன். மறுநாள் காலை பெஞ்சில் உட்கார்ந்து, ராஜ்கிரண் மாதிரி நடந்து காட்டி, பேசிக் காட்டி, அந்தப் படத்தை நார் நாராகக் கிழித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். நானா மட்டும் மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ எந்தப் படத்தையும் இவ்வளவு சத்தமாத் திட்டுனது இல்லையே தம்பி" என்றார். பிறகு ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "இன்னிக்கு உன் சொல்லை நான் கணக்குல சேக்கலை" என்றார்.

அன்று சாயங்காலம் அப்பா சைக்கிளைத் துடைத்துக்கொண்டே கேட்டார். அப்பா படத்துக்குப் போவது வருஷத்துக்கு ஒரு தடவை. யாரிடமும் கேட்கவும் மாட்டார்.

"ஏதோ தகப்பன், புள்ளை படம் வந்திருக்காமே. நீ போனியாம்ல, எப்படி தம்பி இருக்கு?"

நியாயமாக அப்போதே சொல்லியிருக்கலாம். நண்பர்கள் யாரும் பக்கத்தில் இல்லை, கேலி செய்ய ஆளில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். "நல்லாருக்குப்பா, போய்ப் பாருங்க" என்று சொன்னால், அவர் போய்ப் பார்ப்பார். பார்த்துவிட்டு வந்து என் முகத்தைப் பார்ப்பார். நான் அந்தப் படத்தில் எதற்கு அழுதேன் என்று அவருக்குத் தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட விஷயங்களை யாரும் யாரிடமும் சொன்னதில்லை. "சாப்பிட்டியா", "ஃபீஸ் கட்டணும்", "மழை வருது, துணியை எடு." அவ்வளவுதான் எங்களுடைய பாஷை.

"இழுவைப்பா. மூணு மணி நேரத்துக்கு மேல. உங்களுக்கு முதுகு வலிக்கும்."

"அப்படியா?" என்றார். சைக்கிளைத் திண்ணை ஓரம் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார். கொஞ்ச நாளில் படமும் காரைக்காலை விட்டுப் போய்விட்டது. டைரியில் 150 ரூபாய் மிச்சம்.

2008 ஆடி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிவியில் அந்தப் படத்தைப் போட்டார்கள். நான் வெளியே போய்விட்டு வரும்போது அப்பாவும் அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா தரையில் காலை நீட்டி, சுவரில் சாய்ந்து. விளம்பரம் வரும்போது கூட எழுந்திருக்கவில்லை. நான் பின்னாலேயே கதவோரம் நின்றேன். கடைசி முக்கால் மணி நேரம் இருக்கும்போது, ஆடிக்காத்தில் எங்கேயோ மரம் விழுந்து கரன்ட் போய்விட்டது.

அம்மா விளக்கு ஏற்றப் போனாள். இருட்டில் அப்பா குரல் மட்டும் வந்தது. "அப்புறம் என்ன தம்பி ஆவுது?"

சொன்னேன். எங்கே நின்றதோ அங்கிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு காட்சியாக. யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், என்ன சட்டை, யார் முதலில் பேசினார்கள், எல்லாம். முக்கால் மணி நேரப் படத்தை ஒரு மணி நேரம் சொன்னேன். கடைசியில் என் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இருட்டு என்பதால் பரவாயில்லை.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அப்பா சொன்னார். "இழுவைன்னு சொன்னே."

நான் பேசவில்லை.

"மூணு வருஷம் ஆவப் போவுது. சீன் சீனா ஞாபகம் இருக்கு."

கரன்ட் வந்தபோது டிவியில் ஏதோ நகைக்கடை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். "காரைக்கால்ல இப்ப என்ன ஓடுது?"

"சுப்ரமணியபுரம்ப்பா."

"எப்படியாம்?"

"தெரியலை. நான் இன்னும் பாக்கலை."

"சட்டையை மாட்டிக்கிட்டு வா" என்றார்.

செகண்ட் ஷோ. அப்பாவோடு நான் தனியாகப் பார்த்த முதல் படம். முதல் பாதியில் 80-களின் மதுரையைப் பார்த்து அப்பா சத்தம் போட்டுச் சிரித்தார், "இந்த பெல்பாட்டம் நான் போட்டிருக்கேன்" என்றார். இரண்டாவது பாதியில் கத்தியை எடுத்த பிறகு பேச்சே இல்லை. ஒரு இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார், பயத்தில்தான். இடைவேளையில் முறுக்கு அவர் செலவு.

மறுநாள் காலை மில்லுக்குப் போகிற வழியில் அப்பா தையல் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தினார். நான் பெஞ்சில் இருந்தேன். நானா தலையைத் தூக்கி, "என்னண்ணே, செகண்ட் ஷோ போனியளாம்ல? படம் எப்படி?" என்றார்.

அப்பா காதிலிருந்து பேனாவை எடுத்தார், திரும்பவும் செருகிக்கொண்டார்.

"வித்தியாசமா எடுத்திருக்காங்க" என்றார்.

நானா என்னைப் பார்த்தார்.

"பாக்கலாம் நானா" என்றேன்.